கம்ப்யூட்டரே கிளம்புகிற நகல்: ஹார்ட் டிஸ்க்கை அப்படியே படியெடுப்பது எப்படி?



நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் விலைமதிப்பு அதிகமான பொருள் எது என்று கேட்டால் பீரோ, ஜெராக்ஸ் மெஷின், ஃபேன் என்று ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். அதெல்லாம் போனால் பணம் போட்டுத் திரும்ப வாங்கிவிடலாம். கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புப் பொட்டலம் இருக்கிறதே, ஹார்ட் டிஸ்க், அதைக் கடையில் புதுசாக வாங்கலாம். ஆனால் அதற்குள் இருப்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எந்தக் குழு எவ்வளவு சேமித்திருக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன் நிலுவை, வங்கிக்குக் கொடுத்த கடிதங்கள், காப்பீட்டுப் பட்டியல், தணிக்கை அறிக்கை, பயிற்சிப் போட்டோக்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது.

"எல்லாம்தான் இப்போ ஆன்லைன்ல ஏறிடுதே?" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். நபார்டு வங்கி 2015-ல் இ-சக்தி திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து குழுக்களின் சேமிப்பு, கடன் விவரங்களை டிஜிட்டல் ஆக்கும் வேலை பல வழிகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஆன்லைனில் ஏறுவது அவர்கள் கேட்கிற விவரம் மட்டும். நாம் நமக்காக எழுதி வைக்கிற கணக்கு, பட்டியல், கடிதம் எல்லாம் இன்னும் நம்ம கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது.

போன கூட்டத்தில் ஒரு கணக்காளர் அக்கா கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "வாரா வாரம் பென்டிரைவ்ல காப்பி பண்ணி வச்சிடுறேன். அது போதாதா? எதுக்கு டிஸ்க்கையே நகல் எடுக்கணும்?"

பென்டிரைவ் நகல் கட்டாயம் வேண்டும். அதை யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் டிஸ்க் ஒரு நாள் படுத்துவிட்டால், அந்தப் பென்டிரைவை வைத்துக்கொண்டு உடனே வேலை பார்க்க முடியாது. புது டிஸ்க் வாங்கி, விண்டோஸ் போட்டு, டேலி போட்டு, பிரிண்டருக்கு டிரைவர் போட்டு, தமிழ் எழுத்துரு போட்டு, கீபோர்டு மாற்றி, அப்புறம்தான் பென்டிரைவில் இருக்கிற பைலைத் திறக்கலாம். பழைய எழுத்துரு கிடைக்கவில்லை என்றால் தீர்மானக் கடிதங்கள் எல்லாம் கோணல்மாணலாகத் தெரியும். இதற்கு மெக்கானிக் இரண்டு மூன்று நாள் கேட்பார். அந்த நாட்களில்தான் தணிக்கையாளரும் வருவார், வங்கியிலிருந்தும் கேட்பார்கள். நம்ம ராசி அப்படி!

பைலை மட்டும் காப்பி பண்ணினால் ஏன் கம்ப்யூட்டர் கிளம்புவதில்லை?

வீட்டில் தயிர் போடுகிறோம். பால் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு கரண்டி உறைமோர் ஊற்றினால்தான் தயிர் ஆகும். கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு உறைமோர் உண்டு. சுவிட்ச் போட்டதும் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது. விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு சின்ன நிரல் வேண்டும். பழைய முறை டிஸ்க்குகளில் அந்த நிரல் டிஸ்க்கின் முதல் கட்டத்தில் இருக்கும். அந்தக் கட்டத்தின் மொத்த அளவே 512 பைட். இந்தப் பத்தியைக்கூட அதில் எழுத முடியாது. அதற்குள்ளே 446 பைட் கிளப்பிவிடுகிற நிரல், 64 பைட் டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை, கடைசி 2 பைட் ஒரு முத்திரை. நம்ம கடன் பேரேட்டின் முதல் பக்கத்தில் "இந்த உறுப்பினர் பக்கம் 14, அந்த உறுப்பினர் பக்கம் 22" என்று எழுதுகிறோமே, அதே வேலைதான்.

இந்த முதல் கட்டம் ஒரு பைல் இல்லை. அதனால் மௌஸால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து காப்பி, பேஸ்ட் செய்தால் இது வராது. புதிய கம்ப்யூட்டர்களில் முறை கொஞ்சம் வேறு. அங்கே கிளப்பிவிடுகிற நிரல்களுக்கென்று இ.எப்.ஐ. என்ற தனிச் சின்னப் பகுதியே இருக்கும். ஆனால் அதற்கு சி, டி மாதிரி எழுத்து கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. அதையும் காப்பி பண்ண முடியாது. போதாதற்கு, விண்டோஸ் தான் ஓடும்போது பயன்படுத்துகிற பைல்கள் பலவற்றைத் தொடவே விடாது. பால் முழுக்க வந்துவிடும், உறைமோர் வராது.

அதனால் டிஸ்க்கைப் பைல் பைலாக இல்லாமல், முதல் கட்டத்திலிருந்து கடைசி வரை இருக்கிறபடியே இன்னொரு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். இதைத்தான் "குளோன்" என்கிறார்கள். தமிழில் நமக்குப் பழைய நல்ல வார்த்தை இருக்கிறது: படியெடுத்தல்.

படியெடுப்பது நம்ம மாவட்டத்துக்குப் புதுசும் இல்லை. தேவார ஏடுகள் சிதம்பரத்தில் ஒரு அறையில் பூட்டிக் கிடந்ததாகவும், ராஜராஜ சோழன் காலத்தில் திறந்து பார்த்தபோது பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்ததாகவும் சொல்வார்கள். மிச்சம் இருந்ததைத்தான் நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்பது மரபு. பூட்டு பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. நம்ம அலுவலகத்திலும் பூட்டு நல்ல பூட்டுதான்.

2000-களில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், "கோஸ்ட் போடுறது" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். பேய் பிசாசு ஒன்றும் இல்லை. நியூசிலாந்தில் 1990-களில் உருவான கோஸ்ட் என்ற சாப்ட்வேரின் பெயர் அது. 1998-ல் சைமான்டெக் கம்பெனி அதை வாங்கி நார்டன் கோஸ்ட் என்று விற்றது, 2013-ல் விற்பனையை நிறுத்திவிட்டது. ஒரு கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகப் போட்டு, அந்த டிஸ்க்கை மற்ற பத்து கம்ப்யூட்டருக்கும் படியெடுத்துவிடுவார்கள். வேலை சுலபம்.

உங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு படி இருக்கலாம். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு வந்ததே, எல்காட் மூலமாக வாங்கியது, அதை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. லட்சக்கணக்கான மடிக்கணினியில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து இரண்டையும் போட முடியுமா? இப்படி மொத்தமாகத் தயாரிக்கும்போது ஒரு மாதிரி டிஸ்க்கைத் தயார் செய்து, அதைப் படியெடுத்துத்தான் ஏற்றுவார்கள். அந்த மடிக்கணினிகளில் பல இன்னும் வீட்டில் தூங்குகின்றன. மெதுவாக ஓடுகிறது என்றுதான் ஒதுக்கியிருப்பீர்கள். சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதை எஸ்.எஸ்.டி.க்குப் படியெடுத்து மாட்டினால் பெரும்பாலும் வேகம் நன்றாகவே தெரியும். எஸ்.எஸ்.டி.யில் சுழலுவது எதுவும் இல்லை. சாதாரண டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிஷத்துக்கு 7200 தடவை சுற்றுகிறது. பத்து வருஷம் சுற்றினால் எது தேயாது?

எப்போது எடுக்கணும்?

டிஸ்க் நன்றாக இருக்கும்போதே எடுக்கணும், இதுதான் முக்கியம். கம்ப்யூட்டர் கிளம்ப முன்னைவிட ரொம்ப நேரம் ஆகிறது, பைல் திறக்கும்போது நின்று நின்று போகிறது, நீல நிறத் திரை வருகிறது என்றால் இந்த மாதமே எடுத்துவிடுங்கள். "டிக்... டிக்..." என்று சத்தம் வந்தால் கதை வேறு. உடனே நிறுத்திவிடணும். ஒவ்வொரு தடவை சுவிட்ச் போடும்போதும் மிச்சம் இருப்பதும் கெடலாம். அப்போது நாமே குளோன் எடுக்க முயற்சி பண்ணக் கூடாது. விவரம் தெரிந்த டெக்னீஷியனிடம் "டி.டி.ரெஸ்க்யூ போடுவீங்களா?" என்று கேளுங்கள். அது இலவச நிரல். முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் கெட்ட பகுதிக்குத் திரும்பி வரும்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊருக்குள் புகுந்தது என்று வரிசையாகப் பார்த்துவிட்டோம். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் மிதந்து கரையேறியது நம்ம திருப்பாதிரிப்புலியூர் பக்கம்தான் என்பார்கள். ஹார்ட் டிஸ்க் மிதக்காது. மழைக்காலத்துக்கு முன்னாடி, ஆடி ஆவணியிலேயே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

டிஸ்க் வாங்கும்போது ஏமாறும் இடம்

புது டிஸ்க் பழசின் அளவோ அதைவிடப் பெரிதோ இருக்கணும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய டிஸ்க் 500 ஜி.பி. என்று வைத்துக்கொள்வோம். கடையில் 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருக்கும். "ஏறத்தாழ ஒண்ணுதான்மா" என்பார்கள். ஒன்று இல்லை. நீங்கள் நிரப்பியிருப்பது 100 ஜி.பி. மட்டும் என்றாலும், டிஸ்க்கின் அட்டவணையில் 500 வரை கோடு போட்டிருக்கிறது. சின்ன டிஸ்க்கில் அந்தக் கோடு வெளியே போய்விடும். பகுதியைச் சுருக்கிச் செய்ய வழி உண்டு, ஆனால் அது தேவையில்லாத தலைவலி. 500, 512 அல்லது 1 டி.பி. என்று கேட்டு வாங்குங்கள். பில்லும் வாரண்டி அட்டையும் கூட்டமைப்பு பெயரில் இருக்கட்டும்.

இணைக்க வழி என்ன? டெஸ்க்டாப்பில் உள்ளேயே இன்னொரு சாட்டா கேபிள் போடலாம். மடிக்கணினி என்றால் யூ.எஸ்.பி.யிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் ஒன்று வேண்டும். எதை வாங்குவதற்கு முன்னாலும் டெக்னீஷியனிடம் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டிவிடுங்கள். அகலமான பட்டை கேபிள் போட்ட ரொம்பப் பழைய டிஸ்க் என்றால் அதற்குத் தனி மாற்றுக் கருவி தேவைப்படும். புதிய மடிக்கணினிகளில் சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கிற எம்.2 வகைக்கு அந்த சாட்டா கேபிள் சேராது.

நகல் எடுக்கும் நாள்

மின்தடை அறிவிப்பு பார்த்துவிட்டு நாளைக் குறிங்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் தொடங்க வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் பயப்படவும் வேண்டாம். பழைய டிஸ்க்கிலிருந்து படிக்க மட்டும்தான் செய்கிறது, அதில் எழுதுவதில்லை. புதியதில் மறுபடி முதலிலிருந்து எடுத்தால் போதும்.

முதல் வேலை, முக்கியமான போல்டர்களைப் பென்டிரைவில் ஒரு தடவை எடுத்து வைப்பது. எது தப்பாகப் போனாலும் கணக்கு தப்பிக்கும். பிறகு விண்டோஸை முழுசாக நிறுத்தணும். சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் போகும், அடுத்த தடவை சீக்கிரம் எழுந்திருக்க. ஷிப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுசாக நிற்கும். புதிய மடிக்கணினியில் பிட்லாக்கர் என்ற பூட்டு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, பூட்டை எடுத்துவிட்டுத்தான் தொடங்கணும்.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. சாம்சங் போன்ற சில கம்பெனிகள் தங்கள் எஸ்.எஸ்.டி. வாங்கியவர்களுக்கு நகல் எடுக்கும் சாப்ட்வேரை இலவசமாகத் தருகின்றன. விண்டோஸுக்குள்ளேயே அதை ஓட்டலாம். அந்த வசதி இல்லாத டிஸ்க் என்றால் குளோன்சில்லா. தைவான் நாட்டின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவாக்கியது, யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். அதை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அந்தப் பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பணும். பென்டிரைவில் இருந்த பழைய பைல்கள் அழிந்துவிடும், அதனால் வேறு பென்டிரைவ் எடுங்கள். சுவிட்ச் போட்டதும் எப்.12, எப்.9, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி ஒரு பொத்தான் இருக்கும், அதைத் தட்டினால் எதிலிருந்து கிளம்பட்டும் என்று கேட்கும்.

திரை எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். கல்லூரி படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் நல்லது. மொழி, கீபோர்டு கேட்டபின் "டிவைஸ்-டிவைஸ்" என்பதையும், "பிகினர்" என்பதையும், பிறகு "டிஸ்க் டு லோக்கல் டிஸ்க்" என்பதையும் தேர்ந்தெடுக்கணும்.

அடுத்து வருகிற இரண்டு கேள்விகளில்தான் உயிர் இருக்கிறது. முதலில் "சோர்ஸ்" எது என்று கேட்கும். எதிலிருந்து எடுக்கணும் என்று அர்த்தம், பழசைக் காட்டணும். அடுத்து "டார்கெட்" எது என்று கேட்கும். எதில் எழுதணும் என்று அர்த்தம், புதுசைக் காட்டணும். இதை மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்க்கின் வெறுமை வந்து கணக்கு டிஸ்க்கின் மேல் உட்கார்ந்துவிடும். திரும்ப எடுக்க வழியில்லை. கம்ப்யூட்டர் அங்கே பழசு, புதுசு என்று காட்டாது. எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்றுதான் காட்டும். எஸ்.டி.ஏ. என்றால் பழசுதான் என்ற உத்தரவாதமும் கிடையாது. பக்கத்தில் போட்டிருக்கும் கம்பெனி பெயரையும் அளவையும் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு என்றால் சீரியல் நம்பரைப் பாருங்கள். டிஸ்க்கை மாட்டுவதற்கு முன்னாடியே இரண்டின் பெயர், அளவு, சீரியல் நம்பரை ஒரு தாளில் எழுதி, ஸ்டிக்கரில் "பழசு", "புதுசு" என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள். வங்கியில் செக்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிற மாதிரி, இந்த இடத்தில் இரண்டு பேர் பார்த்துச் சொன்ன பிறகே என்டர் தட்டணும்.

அதுவும் ஒரு தடவைக்கு மேல் "தொடரலாமா?" என்று எச்சரிக்கை காட்டிக் கேட்கும். நகலில் பூட் லோடரையும் சேர்க்கலாமா என்றும் கேட்கும். அதுதான் நம்ம உறைமோர், ஆமாம் என்று ஒய் எழுத்தைத் தட்டணும்.

எவ்வளவு நேரம் ஆகும்? காலி இடத்தை விட்டுவிட்டு நிரம்பிய பகுதியை மட்டும் எடுப்பதால் ரொம்ப ஆகாது. 100 ஜி.பி. இருக்கிறது, விநாடிக்கு 50 எம்.பி. வேகத்தில் போகிறது என்றால் 2000 விநாடி, அதாவது அரை மணிக்குக் கொஞ்சம் மேல். பழைய யூ.எஸ்.பி. என்றால் ஒரு மணி நேரம் போல ஆகும். டீ போட்டுக் குடிக்கலாம்.

எடுத்த பிறகு

முடிந்ததும் கம்ப்யூட்டரை நிறுத்தி, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதியதை அந்த இடத்தில் மாட்டிக் கிளப்புங்கள். இரண்டையும் சேர்த்து மாட்டிக் கிளப்பாதீர்கள். இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால் விண்டோஸ் குழம்பும். எதிலிருந்து கிளம்பியது என்று நமக்கும் தெரியாது.

திரை வந்துவிட்டது என்று கைதட்டிவிட்டு எழுந்து போகாமல் ஒரு சின்னத் தணிக்கை செய்யுங்கள். கம்ப்யூட்டரில் இருக்கிற ரொக்கக் கையிருப்பை, கையால் எழுதிய ரொக்கப் புத்தகத்தின் கடைசி இருப்போடு ஒத்துப் பாருங்கள். மூன்று குழுக்களின் கடன் நிலுவையை எடுத்துப் பாருங்கள். ஒரு கடிதத்தைத் திறந்து பிரிண்ட் போடுங்கள். அதே கம்ப்யூட்டர் என்பதால் விண்டோஸ் லைசென்ஸ் பொதுவாகத் தொந்தரவு பண்ணாது. டேலி மாதிரி சாப்ட்வேர் மறுபடி ஆக்டிவேட் பண்ணச் சொல்லலாம், சீரியல் நம்பரும் பதிவு செய்த இமெயிலும் கையில் இருக்கட்டும். இந்த நகல் இதே கம்ப்யூட்டருக்குத்தான். வேறு மாடல் கம்ப்யூட்டரில் மாட்டினால் கிளம்பும் என்று நம்ப வேண்டாம்.

நகல் என்றால் எல்லாம் அப்படியே வரும், வைரஸும்தான். பழசில் விண்டோஸ் 10 இருந்தால் புதியதிலும் விண்டோஸ் 10-தான் இருக்கும். அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. அதை மாற்றுவது தனி வேலை, நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்தால் பயமில்லை.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது? கடையில் வேலை கொடுத்திருந்தால் கட்டாயம் கேட்டு வாங்கிவிடுங்கள். அதில் நம்ம உறுப்பினர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், போட்டோ எல்லாம் இருக்கிறது. பழைய இரும்போடு போட்டுவிடாதீர்கள். டெலிட் பண்ணினாலும், சாதாரணமாக பார்மட் பண்ணினாலும், தெரிந்தவர் கையில் கிடைத்தால் திரும்ப எடுத்துவிடுவார். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதுவே நம்ம இரண்டாவது பிரதி. ஈரம் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதி எழுதி, அலுவலகத்தில் இல்லாமல், தண்ணீர் ஏறாத மாடி வீடு உள்ள ஒரு நிர்வாகியிடம் வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, தணிக்கை முடிந்ததும், புதியதிலிருந்து அதற்குத் திரும்பப் படியெடுக்கலாம், அளவு சரியாக இருந்தால். அப்போது சோர்ஸ், டார்கெட் தலைகீழாக மாறும் என்பதால் ஸ்டிக்கரையும் மாற்றி ஒட்டுங்கள்.

பல கூட்டமைப்புகள் "செலவுக்கு எப்படித் தீர்மானம் எழுதுறது?" என்று கேட்பதால் ஒரு மாதிரி கீழே:

"நமது கூட்டமைப்பு அலுவலகக் கணினியின் ஹார்ட் டிஸ்க் பழையதாகிவிட்டதால், அதே அளவு அல்லது கூடுதல் அளவுள்ள புதிய டிஸ்க் ஒன்றும் தேவையான கேபிளும் மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற்று வாங்குவது என்றும், பழைய டிஸ்க்கின் முழு நகலைக் கணக்காளர் மற்றும் ஒரு நிர்வாகி முன்னிலையில் புதிய டிஸ்க்கில் எடுப்பது என்றும், நகல் எடுத்தபின் கையிருப்பையும் கடன் நிலுவையையும் கையேட்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சான்று எழுதுவது என்றும், பழைய டிஸ்க்கைப் பொருளாளர் பொறுப்பில் அலுவலகத்துக்கு வெளியே பாதுகாப்பாக வைப்பது என்றும், அதைப் பொருள் இருப்புப் பதிவேட்டில் பதிவது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."